எல்லாவற்றுக்கும் ஏழு

தொயாமா,
பிப்ரவரி 18

அன்புள்ள மிசாவோ அக்காவுக்கு,

இங்கே பனி கரைந்தபாடில்லை. உன் குஷிரோவில் இன்னும் மோசமாக இருக்கும். கடிதத்தை வானிலையில் தொடங்குவதுதானே முறை, தொடங்கிவிட்டேன். அம்மாவின் நினைவுச் சடங்குக்கு நான் வராத கோபத்தில், "இனிமே உனக்கு ஒண்ணுன்னா என் வாசப்படி ஏறாதே" என்றாய். இரண்டு வருடமாக ஏறவில்லை. இப்போது பயந்துபோய் எழுதுகிறேன்.

என் மகள் சுமிரேவுக்கு ஒன்பது மாதம். காது அப்படியே அம்மாவுடையது. தொமோயாவுக்கு நாகோயாவுக்கு மாற்றலாகிவிட்டது, மாதம் ஒருமுறைதான் வருகிறார்.

போன மாதம் சுகாதார நிலையத்தில் குழந்தையை எடை பார்த்த கையோடு ஒரு தாள் கொடுத்தார்கள். தாய்மாருக்கு எவ்வளவு பக்கபலம் இருக்கிறது என்று அளக்கிறார்களாம். 'என் கஷ்டத்தைச் சொல்ல ஆள் இருக்கிறது', 'என் குடும்பம் எனக்குக் கைகொடுக்கும்' என்று பன்னிரண்டு வரிகள். சுத்தமாக இல்லை என்றால் ஒன்று, முழுக்க உண்டு என்றால் ஏழு. பக்கத்தில் இருந்தவள் என் தாளையே பார்க்கிறாள். ஒன்று போட்டால் புருஷனைக் காட்டிக்கொடுத்த மாதிரி. செவிலியர் ஒகுமுராவோ அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, அவருக்கு என்னால் எதற்குத் தொந்தரவு? எல்லாவற்றுக்கும் ஏழைச் சுழித்தேன்.

ஒகுமுரா கூட்டிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எண்பத்து நாலுக்கு எண்பத்து நாலு! குடுத்துவச்சவங்க நீங்க. வீட்டுக்கு வந்து பாக்குற பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்துடறேன்" என்றார். நான் குனிந்து நன்றி சொன்னேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

போன செவ்வாய் மாலை சுமிரேயோடு குளியல் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது அவள் என் மடியில் இல்லை. தண்ணீருக்குள் இருந்தாள், அக்கா. தூக்கினேன். இருமினாள், அப்புறம் அழுதாள். எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் அன்றிலிருந்து ஈரத்துணியால்தான் துடைத்துவிடுகிறேன். மாடிப்படியில் அவளைத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன்.

என்னை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கவேண்டுமாம். அதுவரை சுமிரேயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தொமோயாவிடம் சொன்னேன். "மார்க்கெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு? யாரையாவது கூப்பிட்டுக்கோ" என்கிறார்.

அந்தத் தாளின் கடைசியில், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டிருந்தார்கள். உன் பெயரை எழுதினேன். எண் எதையும் பார்க்காமலே நினைவுக்கு வந்தது. நேற்று ஒகுமுராவிடம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்ததுமே, "அதான் அக்கா இருக்காங்களே! நானே பேசி வரச் சொல்றேன்" என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிடுவார். மூன்று முறை நானே உன் எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். இந்தக் கடிதமாவது அதற்குள் கிடைக்க வேண்டுமே. "அவ யாரு, எனக்குத் தெரியாதே" என்று மட்டும் சொல்லிவிடாதே.

இதற்கு மேலே ஒரு வரியை அடித்துவிட்டிருக்கிறேனே, அதில் 'வர முடியாவிட்டால் பரவாயில்லை' என்று எழுதியிருந்தேன். அதுவும் ஒரு ஏழுதான். பரவாயில்லை என்பது பொய். வா, அக்கா.

உன் தங்கை,
நட்சுகோ