செல்வராணியின் ஒரு வாக்கியம்

12 ஜூலை 2006, புதன்

எங்கள் கடல் உயிரியல் படிப்பின் நோக்கம் என்ன என்று, கல்லூரியை மதிப்பிட வரும் ஆய்வுக்குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதமாக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். உலகத் தரம், ஆராய்ச்சி மனப்பான்மை, எல்லாம் இருந்தது. இன்று கூட்டத்தில் துறைத் தலைவர் அதைப் பார்த்து, "நல்லாருக்கு" என்று ஓரமாக வைத்தார்.

பிறகு செல்வராணி எழுந்தாள். கடற்கரை ஊரான மாரியூர்க்காரி. விரிவுரையாளராகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரே வாக்கியம்தான் வாசித்தாள். "விடியற்காலையில் படகு வந்ததும் மீன் பிரித்துக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளையும் இங்கே பட்டம் பெற வேண்டும்."

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இத்தனை வருடமாக முதல் வகுப்பில் ஆப்சென்ட் போட்டு வருகிறேன்.

"இது நோக்கமாம்மா? டைம்டேபிள் சமாச்சாரம்" என்றேன்.

"ஆமா சார், டைம்டேபிள மாத்தணும்னுதான் எழுதுனேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் அங்கேயே முதல் வகுப்பைப் பத்தரைக்குத் தள்ளிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. போகும்போது தலைவர் என் தோளில் கைவைத்து, "ராணி சொன்னதையே வச்சுக்கிருவோம். நீங்க இங்கிலீஷ்ல ஆக்கித் தாங்க சார். ஒங்க இங்கிலீஷ் யாருக்கு வரும்?" என்றார்.

சாப்பிட்டுவிட்டு அதற்குத்தான் உட்கார்ந்தேன். வேண்டுமென்றே சப்பென்று எழுதப் பார்த்தேன். கை கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் இதுதான். அதுவும் அவளுடையது.