பாப்பா குடித்தால் தேவி ஆடுவாள்

ஆனி 5, செவ்வாய்

வங்காளத்தில் விடாத மழை. எங்கள் டாக்குரியா ஸ்டேஷன் வரை தண்ணீர். எனக்கு எழுதத் தெரியாது. பேசப் பேச இந்த போன் எழுதிக்கொள்கிறது. வீட்டில் யாரும் இல்லை, அதனால் பேசுகிறேன்.

மருமகள் தேவியை மறுபடி இந்திய ரக்பி அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவை. வெளிநாட்டில், அந்த நாட்டு அணியோடு இரண்டு ஆட்டம். வருகிறாளா இல்லையா, வெள்ளிக்குள் சொல்ல வேண்டும். பாப்பாவுக்கு எட்டு மாதம். தாய்ப்பாலை விட்டால் வேறு பால் இறங்காது. புட்டியை வாயில் வைத்தால் துப்பல். மகனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். ஆக, நான்தான்.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மா. நான் அவரை பௌதி என்பேன், அண்ணி; அவர் என்னை தாதா, அண்ணன். அவர் பாஷையில் கேட்டார்:

"அந்த நாட்டுக்கிட்ட ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்காங்களா?"

"இல்ல."

"தோக்கறதுக்கா பச்சப் பிள்ளைய விட்டுட்டுப் போகணும்?"

"ஜெயிக்கறதுக்குன்னா விட்டுட்டுப் போலாமா பௌதி?"

கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனி 6, புதன்

காலை ஸ்பூன். பாப்பா கடித்துக்கொண்டு விடவில்லை. மதியம் டம்ளர். என் வேட்டி நனைந்தது.

அந்த நாட்டோடு ஆடியது எல்லாம் ஞாபகம். முதல் ஆட்டம், ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்தது, ஒரே ஒரு பெனால்டி உதை. அதற்கடுத்தது, பாதி நேரம் வரை சமம். தேவிக்குப் புருவத்தில் தையல். கடைசி ஆட்டத்தின்போது அவள் வயிற்றில் பாப்பா. ஸ்க்ரம்மில் எட்டுப் பேர் குனிந்து எதிரே எட்டுப் பேரைத் தள்ளும்போதெல்லாம், டிவி முன்னால் உட்கார்ந்து எங்கள் சோபாவைக் காலால் உந்திக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை நினைவு வந்தது. கரியாஹாட் கடைத்தெரு முழுக்கக் கையால் காட்டிக் கேட்டேன். ஒருவன் அகல் விளக்கை எடுத்து வைத்தான். பௌதியிடம் சொன்னால் சிரிப்பு. உள்ளே போய் ஒன்று கொண்டுவந்தார். மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். இங்கே இதற்குப் பேர் ஜினுக்காம்.

"இது எங்க ஊர் சாமான்," என்றேன்.

"எங்க ஊர்து. என் பையனுக்கு ஊத்தினது. கழுவித் தரணும்."

ஆனி 8, வெள்ளி

பால் கொடுக்காமல் மைதானத்துக்குப் போகச் சொன்னேன். தேவி திரும்பிப் பார்க்காமல் போனாள். பாப்பா ஒரே அழுகை. முதல் வாய், துப்பல். இரண்டாவது, துப்பல். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. சத்தம் கேட்டு பௌதி.

"தலையத் தூக்குங்க. கடவாயில ஊத்துங்க."

ஒரு மடக்கு. நிறுத்தி யோசித்தாள். இன்னொன்று. கிண்ணம் காலி.

தேவிக்கு போன். "வரேன்னு சொல்லிடு."

"நெஜமா குடிச்சாளா மாமா?"

"இந்தா, கேளு." பாப்பாவின் ஏப்பம். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

ஆனி 20, புதன்

முதல் ஆட்டம், தோல்வி. கடைசி நிமிஷம் வரை நம் கை மேலே. ராத்திரி தேவி போன்.

"பாத்தீங்களா மாமா, கையில இருந்தத விட்டுட்டோம்."

"ஞாயித்துக்கிழமை இருக்கில்ல?"

"பாப்பா?"

"ரெண்டு கிண்ணம் குடிச்சா. நீ தள்ளு."

ஆனி 24, ஞாயிறு

நல்ல வெயில். பாப்பாவுக்குப் பால் ஆச்சு, மடியில் தூக்கம். பௌதி கூப்பிடாமலே வந்து நாற்காலியை டிவி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் ஸ்க்ரம். முன்வரிசையில் தேவி குனிகிறாள். பாப்பாவோடு எழுந்து நின்றுவிட்டேன் போல.

"உக்காருங்க தாதா, மறைக்குது."