வெள்ளை ரேடியேட்டரைத் திருப்பி அனுப்பும் ஓலை

செம்பாறு வற்றாதிருக்க. வெண்கோட்டு மலையின் உச்சிப்பனி குறையாதிருக்க. இரு நாட்டு எல்லைக் கற்களும் நம் முன்னோர் நட்ட இடத்திலேயே நிற்க.

செம்பாற்று நாட்டைக் கோல் கோணாது காத்துவரும் பெருந்தேவியார் உலகுடை நங்கையாரின் ஆணைப்படி, வெண்கோட்டு நாட்டின் பேரமைச்சரும் மலைவழிகள் அனைத்துக்கும் காவலருமாகிய விழுப்பரையருக்கு எழுதிய ஓலை. இதை அமைச்சர் தாம் மட்டும் படித்து மடித்து வைக்காமல், மணமகனின் தாயார் அரசியார் நப்பின்னையார் முன்னிலையில் உரக்கப் படிக்கக் கடவர். அரச ஓலையில் எழுதுகிறவன் தன்னை நானென்று குறிப்பது எங்கள் முறையன்று. ஆகவே கீழே வரும் ஓலை எழுத்தன் காரிநம்பி என்பவன் இதை எழுதுகிறவனே என்று அறிக.

தங்கள் தூதர் கொண்டுவந்து தந்த அலுமினிய ரேடியேட்டர் இவ்வோலையுடன் திரும்பி வருகிறது. கட்டைப் பிரித்ததும் சினம் எழுவது இயல்பு. சினத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, இறுதிவரை கேட்டருள வேண்டுகிறோம்.

எங்கள் இளைய பிராட்டி நீலவல்லியாரும் தங்கள் இளவரசர் சேந்தனாரும் புதுமனை புகும் நாள் நெருங்குகிறது. பெண் வீட்டார் செம்புப் பானையில் நீர் வைப்பதும், பிள்ளை வீட்டார் தம் மலையின் வெள்ளை உலோகத்தால் செய்த ஒரு பொருளை அந்நீரில் இடுவதும், இரண்டும் ஒரே நீரில் நனைந்தபின் மணமகனின் தாய் வாசற்படியைத் தாண்டுவதும் இரு நாட்டுக்கும் பொதுவான முறை. நனையாத வீட்டில் அந்தத் தாய் கால் வைப்பதில்லை. இம்முறை எங்களைவிடத் தங்களுக்கே நன்கு தெரியும்.

மணமக்கள் குடிபுகும் வீடு சிறியது. எங்கெங்கே எவ்வளவு மழை பெய்தால் செம்பாறு எந்த ஊரில் எவ்வளவு ஏறும் என்று கணினியில் கணித்துச் சொல்வது பிராட்டியார் ஏற்றுள்ள பணி. அக்கணக்கு ஓடத் தொடங்கினால் கணினி சூடேறும்; சூடேறினால் அதன் விசிறிகள் ஊளையிடும். இளவரசரோ எங்கள் மருத்துவச் சாலையில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்க வேண்டியவர். அவர் தலையணைக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு மட்டுமே உள்ளது. ஆகையால் நீர் ஓடிக் குளிரவைக்கும் கணினி ஒன்றை வீட்டிலேயே கட்டிக்கொள்வதென்று இருவரும் முடிவுசெய்தனர். கேட்டதும் இரு வீட்டுப் பெரியவர்களும் மகிழ்ந்து, பானைக்குப் பதில் இம்முறை கணினியில் ஓடும் நீரே மணநீராகட்டும் என்றனர். பெருந்தேவியார், கணக்கைப் போடும் சில்லாகிய செயலியின் தலைமேல் அமர்ந்து சூட்டை வாங்கும் செம்புக் கட்டியைத் தந்தார். தாங்கள் சூடேறிய நீரை ஆற்றி அனுப்பும் ரேடியேட்டரைத் தங்கள் நாட்டுக் கொக்கு முத்திரை பொறித்து அனுப்பினீர்கள். அன்று எல்லோரும் இனிப்பு உண்டனர்; காரிநம்பியும் உண்டான்.

மற்றப் பாகங்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. அவன் மாலை வகுப்பில் கணினி கட்டப் படிக்கிறான் என்று யாரோ அரண்மனையில் சொல்லிவிட்டதே காரணம். படிப்பு இன்னும் முடியவில்லை என்று அவன் விண்ணப்பித்தான். பண்டாரத் தலைவர் மாசாத்தர், படித்து முடித்தவன் கைவீசிச் செய்து கெடுப்பான், பாதியில் நிற்பவன் பயந்து பயந்து செய்வான், நமக்குப் பயந்தவனே போதும் என்று கூறிவிட்டார்.

அவன் பயந்தபடியே செய்தான். ஆற்றுக் கணக்குக்கு ஏற்ற செயலியை முதலில் எடுத்தான். கிராபிக்ஸ் அட்டையை எடுத்தபோது அது நீளமாக இருந்ததால் பெட்டியை மாற்றவேண்டி வந்தது. பெட்டியை மாற்றியதும் ரேடியேட்டருக்கு விட்டிருந்த இடம் மாறியது. இடம் மாறியதும் விசிறிகளின் பருமன் இடித்தது. பெரிதாய் இருந்து மெல்லச் சுழலும் விசிறிகளே ஓசை எழுப்பா என்று வகுப்பில் கேட்டிருந்ததால் அவற்றை விட மனமின்றி மீண்டும் பெட்டிக்கே திரும்பினான். கண்ணாடிபோல் ஒளிரும் கெட்டிக் குழாய்களைக் கண்டு பிராட்டியாரின் தோழியர் ஆசைப்பட்டனர். அவற்றைச் சூடாக்கி வளைக்கும்போது ஒரு மடிப்பு தவறினாலும் கசியும் என்று எண்ணி, கறுத்து அழகற்ற மென்குழாயை அவன் எடுத்தான். எழுத்தனுக்குக் கண் எழுத்தில் மட்டுமே போலும் என்று தோழியர் நகைத்தனர். இருக்கலாம் என்று அவனும் நினைத்துக்கொண்டான்.

தங்கள் ரேடியேட்டரைத் தூதர் எதிரிலேயே அளந்தான். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் அளவு சரியில்லை என்ற ஒரு சொல்லோடு அன்றே இத்தொல்லை தீர்ந்திருக்கும்; பொருந்தித் தொலைத்தது.

அதன் பிறகே அவனுக்கு ஐயம் பிறந்தது. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் தொடர்ந்து கிடந்தால் செம்பு தன் போக்கில் இருக்க, அலுமினியம் சிறிது சிறிதாய் அரிக்கப்படும் என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. தான் சரியாகத்தான் கேட்டோமா என்று தெரியாமல் ஆசிரியரிடம் மறுபடி போய்க் கேட்டான்; அவர் ஆம் என்றார். அப்போதும் நம்பிக்கை வராமல் இரு உலோகத்திலும் ஒவ்வொரு துண்டு வெட்டி, கம்பியால் பிணைத்து, வெதுவெதுப்பான நீருள்ள சாடியில் இட்டு வைத்தான். சில நாட்களில் நீர் கலங்கியது. அடியில் வெள்ளைக் கசடு படிந்தது. அலுமினியத் துண்டின் முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருந்தன. அந்தக் கசடு செம்புக் கட்டிக்குள் நீர் ஓடும் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கும். குழிகள் ஆழமானால் ரேடியேட்டரே ஒழுகும். அது நேர்வது மழைக்காலத்தில், பிராட்டியாரின் கணக்கை ஆற்றங்கரை ஊர்கள் எதிர்பார்த்திருக்கும் வேளையிலாக இருந்தால் என்செய்வது?

இதைச் சொல்ல அவன் ஏறிய படிகள் பல. பாகம் விற்ற வணிகர், நீரில் அரிப்புத் தடுப்பு மருந்து கலந்தால் போதும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றார். மாற்ற மறந்தால் என்னாகும் என்று கேட்டபோது, மறக்காதீர்கள் என்றார். பெருந்தேவியார், சம்பந்தி வீட்டுச் சீர் வாசலில் நிற்க எங்கள் செம்பு மட்டும் உள்ளே போவதா, வேறு வழி பார் என்றார். மாசாத்தரோ அந்த ரேடியேட்டரை நீர் விடாமல் பெட்டியின் மேல் வெறுமனே பொருத்தி வைக்கும்படியும், உள்ளே செம்பு ரேடியேட்டர் ஒன்று ஓடட்டும், குழாயைப் பிடுங்கிப் பார்க்க அரசியார் வரப்போவதில்லை என்றும் யோசனை சொன்னார். காரிநம்பி மிகவும் களைத்திருந்தான். அந்த யோசனை அவனுக்குப் பிடித்துப்போனது என்பதை மறைப்பதற்கில்லை. அதற்கான திருகாணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டான்.

தடுத்தவர் பிராட்டியார். என் மாமியார் பொய் நம்பிப் படி தாண்டுவதைவிடத் தாண்டாமல் இருப்பதே மேல், நடிப்பதற்கென்று ஒரு பொருள் என் வீட்டில் வேண்டாம் என்றார். பின்பு, தாண்டாமல் போனால் அவர் மகன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்று மெல்லக் கேட்டார். காரிநம்பி திருகாணிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

அவ்வேளையில் மருத்துவச் சாலையிலிருந்து சேந்தனார் வந்தார். உறக்கக் கண்ணோடு சாடியைத் தூக்கிப் பார்த்தார். தம் தாயின் மணத்தன்று பானையில் இட்டது ஓர் அலுமினியக் கரண்டி என்றும், நனைத்த கையோடு எடுத்துவிட்டதால் அது இன்றும் அவர் சமையற்கட்டில் மோர் ஊற்றிக்கொண்டிருக்கிறது என்றும், அதைப் பானைக்குள்ளேயே குடியிருக்கும்படி எவரும் கேட்டதில்லை என்றும் கூறினார். நனையவேண்டும் என்பதுதானே முறை, ஊறவேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டுவிட்டு உறங்கப் போய்விட்டார்.

இம்முறையைச் சொல்லும் பழைய ஓலைகளைக் காரிநம்பி தேடிப் படித்தான். நனைதல் என்றே எங்கும் இருந்தது. ஏதும் விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு முறையும் படித்தான்.

ஆகவே பெருந்தேவியார் ஆணையிட்டருளியதும் வேண்டிக்கொண்டதும் இவை. கணினியில் செம்பு ரேடியேட்டரே ஓடும். சாடியில் கிடந்த இரு துண்டுகளும் உலர்த்தி இத்துடன் வருகின்றன. எங்கள் சொல்லை ஐயுற்றால் அவற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்க. தங்கள் ரேடியேட்டர், தன் இன உலோகத்தோடு ஓடும் ஒரு கணினிக்கு உரியது, பழுதின்றி அனுப்புகிறோம். எங்கள் கணினி கட்டி முடிந்தது. நீர் விடாமல் காற்றடைத்து, எவ்விணைப்பும் கசியவில்லை என்று பார்த்தாயிற்று. குழாய்கள் வறண்டே இருக்கின்றன. செம்பாற்றிலிருந்தும் வெண்கோட்டு ஓடையிலிருந்தும் எடுத்துக் காய்ச்சி வடித்த நீர், வாசலில் பழைய செம்புப் பானையில் காத்திருக்கும். அரசியார் நப்பின்னையார் தம் கரண்டியை நனைத்து அதை முகந்து, படி தாண்டி வந்து, கணினிக்கு முதல் நீரைத் தம் கையால் ஊற்றவேண்டும். வேறு எவரும் ஊற்றுவதில்லை என்று பிராட்டியார் உறுதி கொண்டுள்ளார். அதுவரை அது இயங்காது. மழைக்காலம் தொலைவில் இல்லை.

கரண்டி நெளிந்திருக்கிறது என்று இளவரசர் சொன்னார். நெளிந்தபடியே கொண்டுவருக. மோர்வாடை போகக் கழுவிக்கொண்டு வந்தால் நன்று. மறந்தால் இங்கே கழுவிக்கொள்வோம்.

இவ்வோலை கேட்டோர் வாழ்க. கேட்டு வருவோர் நெடிது வாழ்க. பெருந்தேவியார் திருமுன் ஓலை எழுத்தன் காரிநம்பி எழுதினான். பண்டாரத் தலைவர் மாசாத்தர் முணுமுணுத்துக்கொண்டே சரிபார்த்தார். அரச முத்திரை கட்டப்பட்டது.

முத்திரை செம்பு. ஆதலால் ரேடியேட்டரோடு படாதபடி அதைத் தனித்துணியில் சுற்றி வைத்திருக்கிறது. வழியில் மழை பெய்தாலும் பெய்யும்.