பெட்டி தூக்க ஓர் ஆள்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். கல்வராயன் மலை புகை மாதிரி. டிராவல்ஸ் ஆபீஸில் ஃபேன் இன்னும் பழுது.

வடக்கனந்தல் பெரிய வீட்டுக்காரர் வந்தார், மனைவியோடு. செப்டம்பரில் குடும்பமாக இங்கிலாந்து. ஐந்து பேர். கால்வாயில் படகு வீடு, ஏழு நாள், இரு கரையிலும் புல்வெளி. படம் காட்டினேன். நம்ம மலையாட்டம்தான் இருக்குது என்றார் அந்தம்மா. மலை அவர்கள் மாடியிலிருந்தே தெரியும். ஏறியதில்லையாம். மேலே ரோடே இல்லாத ஊர்கள் இருப்பதைச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

படகு ஓட்ட ஆள் உண்டா என்று கேட்டார். இல்லை, நாமேதான் ஓட்ட வேண்டும், வழியில் மதகுகளையும் நாமே இறங்கித் திறந்து மூட வேண்டும் என்றேன். ஆள்கூடத் தரமாட்டானா என்று என்னை முறைத்தார். நான்தான் வெள்ளைக்காரன் போல.

ஜூன் 10, புதன்

படகுக் கம்பெனியின் விதிமுறை, பதினோரு பக்கம். தமிழில் எழுதி பெரிய வீட்டுக்கு அனுப்பினேன். படகுக் கக்கூஸில் கழிவு போகக் குழாய் கிடையாது. அடியில் ஒரு பெட்டி. இரண்டு நாளில் நிரம்பும். தூக்கிப் போய்க் கரையில் அதற்கான இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும்.

மாலை முதலாளி கூப்பிட்டார். பெரிய வீட்டில் என்னையும் கூட்டிப் போகிறார்களாம். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டுமாம். நான் பாஸ்போர்ட் எடுத்து இரண்டு வருஷம், ஒரு முத்திரை இல்லை. எங்கம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்கக் கூடாது.

ஜூன் 12, வெள்ளி

கையெழுத்து வாங்க வடக்கனந்தல். வாசலோடு நிறுத்தினார்கள். படகில் என் வேலை என்ன என்று ஐயாவிடம் கேட்டேன்.

"படகு நான் ஓட்டிப்பேன். மதகு பசங்க தொறப்பாங்க, ஆசையா கீறாங்க. நீ அந்தப் பெட்டிய மட்டும் பாத்துக்க தம்பி."

"நான் எதுக்குங்க?"

"உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே."

திட்டவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அப்பா கரும்பு வெட்டியவர். நான் பி.காம். எதில் பழக்கம் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஜூன் 13, சனி

வேலைப் பட்டியல் அடித்தேன். பெட்டி: முதல் முறை ஐயா. இரண்டாவது அம்மா. மூன்றாவது மூத்த மகன். நான்காவது நான். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பத்தே நிமிஷம். முதலாளிக்குப் போன். தம்பியாக இருந்தவன் 'டா' ஆகியிருந்தேன். மன்னிப்புக் கேள் என்றார் முதலாளி. பட்டியலில் தப்பு எங்கே என்று கேட்டேன்.  படகுப் பதிவில் பயணிகள் ஆறு என்றிருந்ததை நானே ஐந்தாக்கினேன். வேலை இருக்கிறதா, திங்கள் தெரியும்.

தெருவில் என்ன சொல்வது என்று கேட்டாள் எங்கம்மா.

ஜூன் 14, ஞாயிறு

மாமன் மகன் குமரேசன் வந்தான். பேரூராட்சியில் ஒப்பந்த வேலை, குப்பை, சாக்கடை இரண்டும். கையில் ஆதார். பெரிய வீட்டில் கூப்பிட்டார்களாம். பாஸ்போர்ட்டுக்கு நான்தான் போட்டுத் தர வேண்டுமாம்.

எதற்குக் கூப்பிட்டார்கள் தெரியுமா என்றேன். தெரியுமாம். அவனிடம் அவர்கள் மறைக்கவில்லை.

"இங்க குப்ப வண்டில போய் அள்றேன். அங்க ஏரோப்ளேன்ல போய் அள்றேன். கெடுத்துடாத மச்சான்."

கத்தினேன்.  முடித்ததும் அவன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தான்.

பெயர், பிறந்த இடம், அப்பா பெயர். தொழில் என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இருக்கறதையே போடு," என்றான். "மறைக்க இன்னா கீது."