கூடப்பிறந்தவர்கள்: ஒருவருமில்லை

என் ஆசை அண்ணா,

நீங்கள் கொப்பியின் பின்மட்டையில் கியூபாப் புரட்சித் தாடிக்காரரின் படம் ஒட்டி வைத்துக் கனவு கண்ட ஹவானாவுக்கு நான் போய் வந்துவிட்டேன். ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி ஒரு கிழமை கியூபாக் கடற்கரை ஹோட்டலுக்கு ஓடுகிற கூட்டத்தோடு நானும் மகளும் போனோம். உங்களுக்கு மருமகள், நீங்கள் காணாதவள். அங்கிருந்து ஒருநாள் பஸ்ஸில் ஹவானா.

ஸ்பானியர் கட்டிய கோட்டையும் வீடுகளும் வடிவுதான். ஆனால் பல்கனிகளுக்குத் தடியால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாடிக்காரரின் முகம் கடைவாசலில் ரீசேட் சட்டையாக விலைக்குத் தொங்குகிறது. பக்கத்துப் பேக்கரியில் சனம் பாண் வாங்க வரிசையில் நிற்கிறது. எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. புரட்சி வென்ற ஊரே இப்படியென்றால், நீங்கள் எதற்கு இயக்கத்துக்குப் போனீர்கள்? அதுவும் பத்தொன்பது வயதில், சொல்லாமல் கொள்ளாமல்?

பிறகு அருங்காட்சியகம். போராடிச் செத்த பெடியளின் படங்கள் சுவர் நிறைய, ஒவ்வொன்றுக்கும் பெயரோடு. உங்களுக்கு ஒரு படம்கூட இல்லை. ஆமி வீடு சோதிக்க வருகிறதென்று அம்மா உங்கள் படங்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். நான் அதையே நினைத்துக்கொண்டு நிற்க, மகள் கேட்டாள்: "அம்மா, எங்கட ஆக்களிலயும் ஆரும் இப்பிடி இயக்கத்தில இருந்தவையோ?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

அகதி விண்ணப்பம் நிரப்பின நாளில் பழகின வாய் அண்ணா அது. நிரப்பித் தந்த அங்கிள், இயக்கம் என்ற சொல்லே எடுக்கக் கூடாது, கேஸைத் தள்ளிவிடுவார்கள் என்றார். கூடப்பிறந்தவர்கள் என்று கேட்ட இடத்தில் ஒருவருமில்லை என்று எழுதினோம். நீங்கள் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கேஸ் வென்றது, சிற்றிசன் ஆனேன், அஜின்கோர்ட்டில் வீடும் வாங்கியாயிற்று. அந்தப் பொய்யை மட்டும் திருத்தவில்லை. மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் தாய்மாமன் உடைக்க வேண்டிய தேங்காயை என் கணவரின் சிநேகிதர் உடைத்தார். நான் வீடியோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நாங்கள் லக்கி, என்னம்மா?" என்றாள் மகள். சிரிக்கும்போது அவளுடைய இடது கன்னத்தில் விழுகிற குழி உங்களுடையது. அது அவளுக்குத் தெரியாது.

இப்பவும் பயமாக இருக்கிறது. கனடாக்காரன் பிடிப்பான் என்றல்ல. இத்தனை வருடம் ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்ல? உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதா, ஏசுவதா?

ஞாயிற்றுக்கிழமை அவள் மில்லிக்கனில் இருக்கிற தன் வீட்டிலிருந்து சாப்பிட வருவாள். சோறு போட முதலே சொல்லிவிடுவேன். படம்தான் இல்லையே. அவளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "சிரி பிள்ளை, உன்ர மாமாவைக் காட்டுறன்" என்று சொல்வேன், அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் கூடப்பிறந்தவள்