ஆரோக்கியமானவர் வரிசையில் ஏழாவது ஆள்

மார்ச் 4

ஏழாம் எண் மறுபடியும் கழுத்தை அறுக்கிறது.

மூட்டுகளை வீங்கவைக்கிற முடக்குவாத நோயாளிகள் ஒரு பக்கம், ஆரோக்கியமானவர்கள் ஒரு பக்கம். இரண்டு கூட்டத்தின் ரத்தத்திலும் எதிர்ப்பு சக்திக்கு உத்தரவு போடும் உதவி டி செல்களை வகை பிரித்து எண்ணுகிறோம். நோயாளிகளிடம் பதினேழாம் வகை கூடுதலாகவும் அடக்கும் வகை குறைவாகவும் இருக்க வேண்டும், இருக்கிறது. ஆரோக்கியமானவர்களிடம் அப்படி இருக்கக் கூடாது. இல்லை, இந்த ஒரே ஒரு ஆளைத் தவிர. நாலு வருஷ உழைப்பு இந்த ஒரு புள்ளியில் வந்து நொண்டுகிறது.

செல் எண்ணும் மெஷினை ஓட்டுபவரைக் கேட்டேன். "என் மெஷின் மேல பழி போடாதீங்க. உங்க சாம்பிள்தான் சரியில்ல" என்றார். மெஷின் அவர் பெற்ற பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

மார்ச் 6

செல்களுக்கு நிறமேற்றப் புதுச் சாயம் வாங்கிப் பார்த்தாயிற்று. அதே எழவு.

மார்ச் 10

பேராசிரியரிடம் போனேன். "ஒரு ஆள்தானேம்மா, தூக்கிடுங்க."

"என்ன காரணம்னு எழுத, சார்?"

"ஏதாவது டெக்னிக்கல் கோளாறுன்னு எழுதுங்க."

வந்ததே கோபம்! பிடிக்காத ஆளையெல்லாம் தூக்கிவிட்டு வரைபடம் போடுவதற்கு ரத்தம் எதற்கு, மெஷின் எதற்கு? வீட்டில் உட்கார்ந்து நானே வரைந்துவிட மாட்டேனா? ஏழாவது ஆளைத் திரும்ப வரவழைத்துப் புது ரத்தம் எடுக்கலாம் என்று சொன்னேன். "செய்ங்க, செய்ங்க" என்றார், தொலைந்து போ என்கிற குரலில்.

யார் அந்த ஆள் என்று எனக்குத் தெரியாது. எண் மட்டும்தான் என்னிடம் வரும், பெயர் நர்ஸுக்குத்தான் தெரியும். எங்கள் லேபில் ஆரோக்கியமான ரத்தம் என்றால் எங்கள் ரத்தம்தான். வெளியாள் எவர் சும்மா வந்து ஊசி குத்திக்கொள்வார்? மெஷின்காரர், கணக்குப் பிரிவுக்காரர்கள், கையில் சிக்கிய சொந்தபந்தம் எல்லாரும் கை நீட்டியிருக்கிறார்கள். ஆள் போதவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, என்னோடு ஒரே வீட்டில் இருக்கிற அக்காகூட ஒருநாள், தான் வேலை பார்க்கும் சலூனுக்குப் போகிற வழியில் வந்து கொடுத்தாள். எனக்கு மெஷின்காரர் மேல்தான் சந்தேகம். அந்த முகத்தைப் பார்த்து யாரும் ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது.

மார்ச் 13

ஏழாவது ஆளின் புது ரத்த ட்யூபை வாங்க நர்ஸ் அறைக்கு வெளியே நின்றிருந்தேன். கதவு திறந்தது. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அக்கா வெளியே வந்தாள்.

"ஏன்டி, எத்தன தடவதான் குத்துவீங்க? பதினோரு மணிக்கு ஒருத்திக்கு முடி வெட்டணும்" என்று பொரிந்துவிட்டுப் போனாள்.

நர்ஸ் நீட்டிய ட்யூப் என் கையில் இருந்தது. மேலே ஏழு என்று எழுதியிருந்தது.

மார்ச் 14

அதே ரிசல்ட். மெஷின் சரி. சாயம் சரி. நானும் சரி. சரியில்லாதது என் அக்கா.

வீட்டுக்குப் போனதும் அவள் கையைப் பிடித்தேன். பட்டென்று இழுத்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வீங்கியிருக்கின்றன. ஒரே வீட்டில் இருக்கிறேன், பார்க்கவில்லையே!

"எத்தன நாளா இப்படி?"

"அஞ்சாறு மாசமா. காலைல விரல் மடங்காது. வெந்நீர்ல வச்சிருந்தா பதினோரு மணி வாக்குல கத்திரி பிடிக்க வரும்."

அதனால்தான் காலை வாடிக்கையாளர்களை விட்டிருக்கிறாள். நானோ அவளைச் சோம்பேறி என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

"மூட்டு வலி உண்டான்னு நர்ஸ் கேட்டாங்கல்ல?"

"கேட்டாங்க. உண்டுன்னா சேத்துக்க மாட்டாங்களாம். நீதான் ஆள் இல்ல, ஆள் இல்லன்னு தலையில அடிச்சுக்கிட்டியே... இல்லன்னுட்டேன்."

லூசு. சரியான லூசு. எனக்கு உதவி செய்கிறாளாம்! இவளை என்ன செய்வது?

மார்ச் 17

டாக்டரிடம் போக மாட்டாளாம். இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் வீங்கின விரல் பொய் சொல்லாது என்றேன். விட்டால் எலும்பையே அரித்துவிடும், அரித்தது திரும்பாது என்றேன். காதில் ஏறினால்தானே.

பொறுமையாக (நானா!) விளக்கினேன். "உதவி செல் தானா சண்டைக்குப் போகாது, மத்த செல்லுக்கு உத்தரவு போடும். ஒரு வகை உடம்பு செல்லுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கிற கிருமிக்கு. இன்னொண்ணு குடல் புழுவுக்கு; அது தடம் மாறினா அலர்ஜி. பதினேழாம் வகை காளானுக்கும் பாக்டீரியாவுக்கும். அது மிஞ்சினா நம்ம மூட்டையே தாக்கச் சொல்லும். இதையெல்லாம் பார்த்து 'போதும்'னு சொல்றதுதான் அடக்கும் வகை. உனக்குப் போதும்னு சொல்ல ஆள் கம்மி."

"இந்த வீட்லயும்தான் கம்மி. நீ இன்னும் பேசிட்டே இருக்கியே."

மார்ச் 19

அம்மா போனில்: "எதிர்ப்பு சக்தி இல்லடி அவளுக்கு. நல்ல டானிக்கா வாங்கிக் குடு."

அம்மா! எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் அடிக்கிறது, அதுதான் வியாதியே! கத்தினேன். அம்மா போனை வைத்துவிட்டாள். இப்போது அம்மாவையும் சமாதானப்படுத்த வேண்டும்.

மார்ச் 27

அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள். கத்திரி நழுவி ஒரு பெண்ணின் கழுத்தில் கீறிவிட்டதாம். சின்னக் கீறல்தான். ஆனால் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இருக்குடி. டாக்டர் இதுக்கு ஒரு பேர் வச்சுட்டா, அப்புறம் நான் கத்திரி பிடிக்கவே முடியாதுன்னு ஆயிடும். எனக்கு வேற என்ன தெரியும்?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஏப்ரல் 2

முடக்குவாதம்தான். வேறு ரத்தப் பரிசோதனைகளும் அதையே சொல்கின்றன. "எலும்பு இன்னும் அரிக்கல. இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டர். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. மெதுவாகத்தான் கேட்குமாம். கத்திரி பிடிக்க முடியுமா என்று அக்கா கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். இந்த டாக்டர்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்காதா?

ஏப்ரல் 9

ஏழாவது ஆளுக்கு மூட்டு நோய், நிபந்தனைக்குப் பொருந்தவில்லை, அதனால் நீக்குகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். இப்போது காரணம் இருக்கிறது.

"நான்தான் அப்பவே தூக்கிடுங்கன்னு சொன்னேனே!" என்றார், வெற்றிச் சிரிப்போடு.

சுவரில் முட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தது என் சாதனை.

ஏப்ரல் 20

மாத்திரை போட்ட மறுநாளெல்லாம் குமட்டல். குமட்டலுக்கு நான்தான் காரணமாம்.

மே 23

ஒரு மாற்றமும் இல்லை. சலூனில் அவள் நாற்காலியை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள், தற்காலிகமாகத்தான் என்று சொல்லி. "உன் பதினேழு இன்னும் அடங்கலையா?" என்று கேட்கிறாள். கொஞ்சம் பொறு என்கிறேன். எனக்கும்தான் பயமாக இருக்கிறது. மருந்து கேட்காதவர்களின் ரத்தத்தையும் நான் எண்ணியிருக்கிறேனே.

ஜூலை 6

முடி கண்ணை மறைக்கிறது என்று நேற்று பக்கத்துத் தெருக் கடையில் வெட்டிக்கொண்டேன். அக்கா தூங்கின பிறகு வந்து, சத்தம் போடாமல் படுத்துவிட்டேன்.

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"எந்தப் பாவிடி இப்படிக் கொதறி வச்சது? நான் செத்தா போயிட்டேன்?" என்று என் காதைப் பிடித்துத் திருகினாள். நிஜமான திருகல். உயிரே போயிற்று. அலறினேன்.

அவள் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். மடக்கினாள், நீட்டினாள். மணி இன்னும் ஏழுகூட ஆகவில்லை.

"அக்கா, இன்னொரு தடவ திருகு" என்றேன்.

திருகினாள்.