கதவு திறந்தபடி ஓடிய பஸ்

திண்டுக்கல்,
18.8.2004

மதிப்பிற்குரிய மேனேஜிங் டைரக்டர் செழியன் அவர்களுக்கு,

உங்கள் கம்பெனியின் திண்டுக்கல் வயரிங் யூனிட்டிலிருந்து சகாயசெல்வி எழுதுவது. நீங்கள் நலம் என்பதைச் சென்னைப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கோட்டு நன்றாக இருந்தது. எங்கள் நலத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆகவே அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

உங்கள் ஆபீசிலிருந்து போன வாரம் வந்த பேக்ஸில் எனக்கு 'டியர் மேடம்' என்று போட்டிருந்தது. கூடப் பிறந்த அக்காவை மேடமாக்கிவிட்ட மனுசனுக்கு நானும் மரியாதையாகவே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இதற்கு மேல் 'நீங்கள்' வர மாட்டேன் என்கிறது. நீ என்றே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

ஜீவிதா என்ற பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. வேடசந்தூர் மில்லுக்கு மில் பஸ்ஸில் வேலைக்குப் போனவள். பஸ் கதவு திறந்தபடி கிளம்பியதில் படியிலிருந்து ரோட்டில் விழுந்து, இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. மறுபடி நடப்பாளா என்று டாக்டரிடம் கேட்டால், முதலில் உட்காரட்டும் என்கிறார்.

அந்தப் பஸ்ஸில் மாட்டியிருந்தது நம் பெட்டிதான். கதவு முழுதாகச் சாத்தாதவரை, டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகரக் கூடாது. அதற்காகத்தானே அந்தப் பெட்டியையே செய்தோம்? நகர்ந்திருக்கிறது. ஏனென்றால் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதைத் தட்டிவிட்டால் நம் பெட்டி செத்த பிணம். கதவு திறந்திருந்தாலும் வண்டி பறக்கும். அந்தச் சுவிட்சை வைக்கச் சொன்னது நீ.

சித்திரையில் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "அக்கா, கதவு சாத்துற வரைக்கும் எந்த டிரைவரும் நிக்க மாட்டேங்கிறான். சுவிட்ச் இல்லாட்டி ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும். யாவாரம்னா இப்படித்தான்" என்றாய். அதை வைத்தால் நம் பெட்டி எதற்கு என்று கேட்டேன். "உனக்கு வயரிங் மட்டும்தான் தெரியும்" என்று போனை வைத்துவிட்டாய். பக்கத்தில் வயரிங் செய்துகொண்டிருந்த சைதூன், "நம்ம கையால இதை மாட்ட வேணாம்க்கா" என்றாள். நாங்கள் மாட்டவில்லை. நீ பெட்டிகளைச் சென்னைக்கு வரவழைத்து அங்கே சுவிட்சைச் சேர்த்துக்கொண்டாய்.

இப்போது பத்திரிகைக்கு வருகிறேன். "என் ஊரில் எனக்குக் கைகொடுக்க ஓர் ஆள் இல்லை, தனி ஆளாகத்தான் இந்தக் கம்பெனியை வளர்த்தேன்" என்று சொல்லியிருக்கிறாய். யூனிட்டில் இதைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். ஒருத்தியும் சிரிக்கக்கூட இல்லை.

ஓர் ஆள் இல்லையா? தொண்ணூற்றேழில் என்னோடு மில்லில் வேலை பார்த்த பொன்னழகு இதே போல் பஸ்ஸிலிருந்து விழுந்து செத்தபோது, நான் வீட்டில் வந்து அழுதேன். நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாய். "ஒரு கதவைச் சாத்த வைக்க முடியாதாக்கா?" என்று கேட்டாய். அன்றைக்கு நீ கெட்டிக்காரன், நல்லவனும்கூட. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உன்னிடம் இருந்தது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

பஸ் பாடி கட்டுகிற ஞானதாஸ் அண்ணன் தன் ஷெட்டில் ஒரு மூலையை ஒதுக்கி, வாடகை என்ற பேச்சையே எடுக்காமல் உன்னை இருத்தினார். உன் வாத்தியார் அழகர் சார் காலேஜ் லேபை விடுமுறையில் திறந்துவிட்டார். சிறுதொழில் சங்கத்துச் செயலாளர் ஆண்டிச்சாமி மில் மில்லாகப் போய், ஒரே ஒரு பஸ் கொடுங்கள் என்று உனக்காகக் கெஞ்சினார். கிடைத்த முதல் பஸ் உன் புண்ணியத்தில் ரயில்வே கேட்டுக்கு நடுவில் நின்றது நினைவிருக்கிறதா? பெண்கள் குதித்து ஓடினார்கள். டிரைவர் உன்னை அடிக்க வந்தான். மில்லில் பெட்டியைப் பிடுங்கிப் போடச் சொன்னார்கள். ஆண்டிச்சாமிதான் குறுக்கே நின்று, "பய தப்பைத் திருத்திக்கிருவான், இன்னொரு வாட்டி பாருங்க" என்று சங்கத்தின் பெயரையே பணயம் வைத்தார்.

தப்பு என்னவென்று கண்டுபிடிக்கவும் நீ தனியாக உட்காரவில்லை. பஞ்சுத்தூசி பெட்டிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது, அதனால் சாத்திய கதவும் திறந்ததாகவே அதற்குத் தெரிகிறது என்று அழகர் சார் பிரித்துக் காட்டினார். சைதூன் டியூப் ரப்பரை வெட்டி அதற்கு உறை தைத்தாள். அதன் பிறகு பெட்டி நிற்காமல் வேலை செய்தது. ஒரு மில்லுக்காரர் அடுத்த மில்லுக்காரரிடம் சொன்னார். ஞானதாஸ் அண்ணன் கரூரில் பாடி கட்டுகிறவர்களிடம் உன்னைக் கூட்டிப் போனார். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிக்காரர்கள், வண்டி பின்னால் வரும்போது சத்தம் போடுகிற கருவி வேண்டும் என்று தாங்களே தேடி வந்தார்கள். இப்படி ஆளுக்கு ஒரு கை போட்டுத் தூக்கித்தான் நீ சென்னைக்காரர்கள் கண்ணில் படுகிற உயரத்துக்கு வந்தாய். தூக்கிய கைகள் இப்போது உனக்குத் தெரியவில்லை.

பத்திரிகையையாவது பொறுத்துக்கொண்டிருப்போம். உன் மேனேஜர் முகேஷ்குமார் நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஜீவிதாவின் அம்மா சிவனம்மாளிடம், "உங்க பொண்ணுதான் கதவைத் தள்ளித் திறந்துச்சுன்னு போலீஸ்ல சொல்லிருங்கம்மா. வைத்தியத்தைக் கம்பெனி பாத்துக்கிரும்" என்றார். அந்த அம்மா மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எம்புள்ள தண்ணி குடிக்கக்கூட இன்னொருத்தர் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கு. அது மேல பழியையும் தூக்கி வைக்கவா வந்த? வெளிய போய்யா" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று பயந்தேன். பிறந்ததிலிருந்து உன்னைப் பற்றி எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை.

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்குப் போனேன். எல்லாரையும் கூப்பிட்டார்கள். ஞானதாஸ் அண்ணன் முதலில் எழுந்தார். "இந்தப் பெட்டியை இனிமே என் ஷெட்டுல எவனும் மாட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கரூருக்கும் அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டார். உன் பெட்டிக்குச் சோதனைச் சான்றில் இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அழகர் சார் எழுதிக் கொடுத்துவிட்டார். மில்களுக்கு ஆண்டிச்சாமியே போயிருக்கிறார். ஓடுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்தச் சுவிட்சைப் பிடுங்கி எறிய நாங்கள் யூனிட்டுப் பெண்கள் போகிறோம். சைதூன் முதல் பஸ்ஸை இன்றைக்குக் காலையிலேயே முடித்துவிட்டாள். உன் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத்தான் போகிறோம். சம்பளத்தைப் பிடித்துக்கொள்.

போலீசிலும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சுவிட்ச் யார் சொல்லி வந்தது என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்ட ஏட்டையா, "உங்களுக்கு அவர் என்ன வேணும்?" என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, நிஜமாகவே எழுதவா என்பது போல என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன்.

முகேஷ்குமாரை அனுப்பியது நீதானா என்று உன்னைப் போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீ அனுப்பவில்லை என்றால் வந்து சொல். அனுப்பினாய் என்றாலும் வந்து சொல். காரில் வக்கீலோடு வராதே. ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். உன்னை உள்ளே கூட்டிப் போய், இவன்தான் செழியன், என் கூடப் பிறந்தவன் என்று சிவனம்மாளிடம் நானே சொல்கிறேன். அவர் என்ன சொன்னாலும் பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் பெயர் ஒட்டிய பெட்டி மாட்டிய வண்டிகளில் நாளைக் காலை ஏறப்போகிற பெண்களை உனக்கும் முன்னதாகக் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா
சகாயசெல்வி